லோவெல் ஸ்டென்ருட் வேண்டாம் என்று சொன்ன ரத்தப் பரிசோதனை

மருத்துவமனைக் குறிப்பில் லோவெல் ஸ்டென்ருட்டைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "தகவல் தந்தவர்: நோயாளியின் கணவர். வயது எழுபத்தொன்று. மாவட்ட நெடுஞ்சாலைத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நம்பகமானவர். நோயாளியின் நிலையைத் தெளிவாகவும் முழுமையாகவும் விவரித்தார்."

வயது சரி. வேலையும் சரி, மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் முப்பது பனிக்காலம் பனி அகற்றும் லாரி ஓட்டியவர் அவர். நம்பகமானவர் என்பதிலும் பிழை இல்லை. நோர்டால் ஊரில் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் வீட்டுச் சாவியை லோவெலிடம்தான் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் 'முழுமையாக' என்று ஒரு சொல் வந்து விழுந்திருக்கிறதே, அதை எழுதிய டாக்டர் வெளியூர்க்காரர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். லோவெல் தன் ஆயுளில் எதையும் முழுமையாக விவரித்ததில்லை.

ஒரு முறை பனிப்புயலில் லாரி பள்ளத்தில் சரிந்து, விடியும்வரை அதற்குள்ளேயே கிடந்து, கால்விரல் இரண்டைப் பறிகொடுத்துத் திரும்பினார். என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு." ஒரே மகன் டாரின், நாற்பத்தொரு வயதுக்காரன், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவன், மூச்சு வாங்கிக்கொள்ள பெஞ்சில் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்த பாதிரியாரிடம் லோவெல் சொன்னது: "இந்த வாரம் அவ்வளவு சரியா போகல, பாஸ்டர்." பாதிரியாரும் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அந்த வாக்கியத்துக்குள் இருந்த கதறல் அவருக்குக் கேட்டது. உள்ளூர்க் காதுகளுக்கு மட்டும் கேட்கும் கதறல் அது. பின்னால் வந்த கஷ்டத்துக்கெல்லாம் காரணமும் அதுதான்.

லோவெலின் மனைவி ஆர்டிஸ், தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறைக்குச் சர்வாதிகாரி. ஊரில் யார் இறந்தாலும் அடக்கம் முடிந்தபின் அங்கேதான் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த பன், ஊறுகாய், தட்டு தட்டாக இனிப்பு, குடம் குடமாக வெளிறிய காபி. பிஷப்பே வந்தாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது ஆர்டிஸின் சட்டம். சொந்த மகனின் அடக்கத்தன்றுகூட, பன் போதுமா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அது நடந்து மூன்றாவது வருடம், ஏப்ரலில், யாருடைய அடக்கத்துக்கோ காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை வெடுக்கென்று மேலே இழுத்தது. அதே பக்கத்து முகம் கோணியது. கண் இமைக்கும் நேரம்தான். காபி ஒருவருடைய கோட்டில் கொட்டியது. கோட்டுக்காரர் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆர்டிஸும் கேட்டாள். விஷயம் முடிந்தது.

முடியவில்லை. மறுநாளும் இழுத்தது. பிறகு நாளுக்குப் பல முறை. சமையலறைப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "நீ இப்படி உக்காரு ஆர்டிஸ், தட்டுல இனிப்பு அடுக்கத்தான் கை பத்தல" என்று காபிக் குடத்தை அவளிடமிருந்து நைசாக விலக்கி வைத்தார்கள். ஜூன் மாத விருந்துக்கு அவள் கொண்டுவந்த ஹாட்டிஷில், அதாவது இறைச்சியும் காளானும் மேலே வரிசையாக உருளைக்கிழங்கும் வைத்துச் சுடும் அந்தப் பெரிய தட்டில், உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. வாயில் வைத்த ஒருத்தி, "வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்" என்றாள். நோர்டாலில் ஒரு பண்டத்தைப் பற்றி அதைவிடக் கடுமையாகச் சொல்ல வழியில்லை. லோவெலின் நண்பர் ஹார்லன் மட்டும், வேறு யாரும் தொடாததால், இரண்டாவது தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அன்று முழுவதும் தண்ணீர் குடித்தார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆர்டிஸுக்குத் தூக்கம் போயிற்று. கீழ்த்தளத்தில் யாரோ நடமாடுகிறார்கள் என்பாள்.

"கீழ யாரோ குழாயைத் திருகுறாங்க, லோவெல்."

லோவெல் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "போயிட்டாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்கதான் போல."

சொன்ன கதையையே சொன்னாள். தெரிந்த பெயர்களைத் தேடினாள். லோவெல் அவளுடைய வாக்கியங்களை அவரே முடித்துவைக்கப் பழகினார். பீங்கான் கோப்பைகளை மேல் அலமாரிக்கு அனுப்பிவிட்டு பிளாஸ்டிக் கோப்பை வாங்கினார். வெளியே போகும்போது இழுக்கும் அந்த வலது கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊர் அதைப் பார்த்தது. "இந்த வயசுலயும் கையைக் கோத்துக்கிட்டுப் போறாங்க பாரு" என்று உருகியது. ஐம்பது வருடக் கல்யாணத்தில் அவர்கள் பொது இடத்தில் கை கோத்தது அதுவே முதல் தடவை.

உள்ளூர் மருத்துவமனை, வயசாகிவிட்டது என்று மறதிக்கு மாத்திரை கொடுத்தது. மாத்திரையால் ஒன்றும் ஆகாததால், நகரத்தில் உள்ள நரம்பியல் டாக்டரிடம் அனுப்பியது. அப்போது செப்டம்பர்.

டாக்டர் ரீமா ஹத்தாத் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். வேகமாகப் பேசுவார், நேராகப் பேசுவார். பேசும்போது எதிரில் இருப்பவர் நாற்காலியோடு சற்றுப் பின்னால் நகர்வது ஏன் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"கை இழுக்குதுன்னு உங்க ஊர் டாக்டர் எழுதியிருக்காரே. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இழுக்குது, மிஸ்டர் ஸ்டென்ருட்?"

"அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

"எப்பவாவது."

அந்த நேரத்தில் ஆர்டிஸின் கை, அவளுடைய கைப்பையின் மறைவில், லோவெலின் பிடிக்குள் துடித்தது. டாக்டருக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாமே என்று அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். முகம் கோணியதை டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"ராத்திரி தூக்கம்?"

"மோசமில்ல."

"இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரியறாங்களா?"

"பெரிசா தொந்தரவு ஒண்ணும் பண்றதில்ல" என்றார் லோவெல். யார் தொந்தரவு செய்வதில்லை என்பதை டாக்டரும் கேட்கவில்லை.

டாக்டர் யோசித்தார். "பெரும்பாலும் இது வயசோட வர்ற மறதி நோய்தான். ஆனா இன்னொண்ணும் இருக்கு, ரொம்ப அபூர்வம். கிருமியை எதிர்க்கறதுக்காக உடம்பு செய்யற ஆன்டிபாடி, ஆள் தெரியாம சொந்த மூளையையே தாக்கும். மூளை வீங்கும். ரத்தத்தை எடுத்து தெற்கே ஒரு பெரிய லேபுக்கு அனுப்பணும். பதில் வர நாளாகும். இருக்கும்னு எனக்குத் தோணல. ஆனா பாக்கணும்னா பாத்துடலாம். எடுக்கலாமா?"

"ஐயோ, எதுக்கு? உங்களுக்குச் சிரமம்" என்றார் லோவெல்.

நோர்டாலில் ஒருவர் வீட்டுக்குப் போனால் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது பதில் அல்ல, பேச்சின் தொடக்கம். மறுபடி கேட்பார்கள், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டால், சரி, ஏற்கெனவே போட்டிருந்தால் அரைக் கோப்பை என்று இறங்கி வரலாம். முதல் தடவையே சரி என்று சொல்கிறவனைப் பசிக்கு வந்தவன் என்று நினைப்பார்கள். லோவெல் கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட ஆர்டிஸ் முதலில் "உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றுதான் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், டாக்டர் ஹத்தாத்தின் அம்மா வீட்டிலும் இதே சட்டம்தான். விருந்தாளி வேண்டாம் என்றால் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி விழும். ஆனால் நோயாளியின் வீட்டார் ஒன்றை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்று டாக்டருக்கு மருத்துவக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் மதித்தார்.

"சரி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குறிப்பில் தட்டச்சு செய்தார்: "பரிசோதனையைக் குடும்பத்தினர் மறுத்துவிட்டனர்."

லோவெல் எழுந்திருக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். கோட்டை மெதுவாகப் போட்டுக்கொண்டார். கதவருகே நின்று வானிலையைப் பற்றிப் பேசினார். இந்த வருடம் பனி சீக்கிரமே வரும் போலிருக்கிறது என்றார். டாக்டர், "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார். வண்டி நிறுத்துமிடத்திலும் லோவெல் உடனே கிளம்பவில்லை. இன்ஜினை ஓடவிட்டு மருத்துவமனைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காகக் காத்திருக்கோம்?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"யாருக்காகவும் இல்ல" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

காலையில் ஊர்க் காபிக்கடையில் கிழவர்கள் கூடுவார்கள். அன்றைய காபி யார் கணக்கு என்பதைத் தாயக்கட்டை உருட்டி முடிவு செய்வது வழக்கம். ஹார்லன் தோல் குவளையில் கட்டையைக் குலுக்கியபடி கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"ஏதோ ரத்த டெஸ்ட்டு இருக்காம். மூளைக்கு."

"எடுத்தாச்சா?"

"வேணாம்னேன்."

"அது சரி. எத்தனை தடவை கேட்டாங்க?"

"ஒரு தடவை."

ஹார்லன் குலுக்குவதை நிறுத்தினார். "ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதான்."

"திரும்பக் கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றார் லோவெல்.

கேட்கவில்லை. அக்டோபரில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் லோவெல் முதல் மணியிலேயே எடுத்தார். காப்பீட்டுக்காரர்கள், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்கள், ஒரு முறை தவறான எண். நவம்பரில் ஆர்டிஸ், பல வருடம் முன்பு ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அலுவலக வேலைக்குக் கிளம்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தன் சமையலறைக்கே வழி தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாள். அவளோடு நாற்பது வருடம் பன் வெட்டிய பெண்கள், அவளும் தாங்களும் சேர்ந்து அந்தப் பக்கமாகத்தான் போகிறோம் என்பதுபோல் அவளைச் சூழ்ந்து நடந்து உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். அவ்வளவு அழகாகச் செய்தார்கள். வாய்விட்டு ஒருத்தி கேட்டிருந்தால் இன்னும் உபயோகமாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஆர்டிஸின் அக்கா லவோன் வந்தாள். இளம் வயதிலேயே ஓர் இத்தாலியக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போனவள். போகும்போது அவளிடம் இருந்த நோர்டால் பணிவையெல்லாம் அந்த ஊர் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தது. வந்து மேசையில் உட்கார்ந்து, லெஃப்ஸாவில், அந்த மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில், வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். வெண்ணெய்க் கத்தி பறந்து போய் அடுப்பில் மோதியது. லோவெல் எழுந்து எடுத்துக் கழுவி மறுபடி அவள் கையில் வைத்தார்.

"அது என்னது?" என்றாள் லவோன்.

"கத்தி."

"கத்தின்னு எனக்கும் தெரியுது. அவ கைக்கு என்ன ஆச்சு?"

"கொஞ்ச நாளா இப்படி."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒரு ரத்த டெஸ்ட்டு இருக்குன்னாங்க. உடம்பே மூளையைத் தாக்குதான்னு பாக்க."

"பாத்தாச்சா?"

"வேணாம்னு சொன்னேன்."

"ஏன்?"

லோவெல் வெண்ணெய்ப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். "திரும்பக் கேக்கல."

லவோனும் அந்த ஊரில் பிறந்தவள்தான், அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "லோவெல், உன் பொண்டாட்டி மூளை என்ன காபியா? அரைக் கோப்பை போதும்னு உக்காந்திருக்கே? எடு போனை."

"கிறிஸ்துமஸ் சமயத்துல அவங்களுக்கு..."

"எடுன்னா எடு!"

எடுத்தார். எண்ணை அழுத்தினார். "நோர்டால்லேருந்து லோவெல் ஸ்டென்ருட் பேசறேம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல, நீங்க நிதானமா..." என்று தொடங்கியதுதான் தாமதம், லவோன் தொலைபேசியைப் பிடுங்கி, "அவசரம்!" என்று கத்தினாள். ஆர்டிஸ் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல்தான் சிரித்தாள், ஆனால் அது அவளுடைய பழைய சிரிப்பு.

இரண்டாவது முறை போனபோது டாக்டரின் அறையில் லவோன் லோவெலுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள்: "அவ கையை விடு."

லோவெல் விட்டார். கை மடியில் கிடந்தது. டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கை வெட்டி எழுந்தது, முகம் கோணியது, அடங்கியது. டாக்டர் கணினியை ஒதுக்கித் தள்ளினார். எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் எழுந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஏப்ரல்லேருந்து."

"நான் கேட்டப்போ எப்பவாவதுன்னு சொன்னீங்க, மிஸ்டர் ஸ்டென்ருட்."

லோவெல் தரையைப் பார்த்தார். அதன்பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்தார். கீழ்த்தளத்து மனிதர்கள், உப்பு, கோட்டு, தூங்காத இரவுகள், பிளாஸ்டிக் கோப்பை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் குறுக்கிடவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் அந்த நாளுக்குத்தான் 'முழுமையாக' என்ற சொல் பொருந்தும். ஆனால் அது செப்டம்பர் மாதப் பக்கத்தில் இருக்கிறது.

ரத்தம் எடுத்தார்கள். ஆர்டிஸ் குழாய்கள் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் சொன்னார்: "உங்க ரத்தத்துலேர்ந்து தெளிஞ்ச தண்ணிய எடுத்து, மெல்லிசா சீவின எலி மூளை மேல ஊத்துவாங்க. மூளையைத் தாக்கற ஆன்டிபாடி இருந்தா அது அங்க போய் ஒட்டிக்கும். சாயம் சேத்துப் பாத்தா பச்சையா மின்னும். எதுல ஒட்டுதுன்னு அப்புறம் தனியா உறுதி பண்ணுவாங்க."

"எலி மூளையும் என் மூளையும் ஒண்ணுதானா?"

"இந்த விஷயத்துல கிட்டத்தட்ட."

"லோவெலுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றாள் ஆர்டிஸ். லோவெல் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

குழாய்கள் கிளம்பிய அன்று புயல் அடித்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். லோவெல் சமையலறை வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் சாலைத் தடுப்பு இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பனி எப்படிக் குவியும் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருடம் அதில் யார் போகிறார்கள், என்ன போகிறது என்று யோசிக்காமலே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அவர் காலத்தில் அந்த வழியே எத்தனை பேருடைய ரத்தம் போயிருக்குமோ என்று அன்றுதான் தோன்றியது.

ஜனவரி பாதியில் டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டார். பச்சையாக மின்னியிருந்தது. ஆர்டிஸின் உடம்பில் சுரந்த ஆன்டிபாடி, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது. உடனே வரவேண்டும் என்றார். எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்குச் சௌகரியம் என்று லோவெல் கேட்கவில்லை. பனியில் வழுக்காமலிருக்க வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக் கிளம்பிவிட்டார்.

ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். அந்த வாரத்துக்குள்ளேயே கை இழுப்பது நின்றுவிட்டது. ஆர்டிஸ் தூங்கினாள். கீழ்த்தளத்து ஆட்கள் யாரிடமும் சொல்லாமல் குடி பெயர்ந்தார்கள். லவோன் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டினாள். ஆனால் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், லோவெலைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார்.

"வீக்கம் அடங்கிடுச்சு. ஆனா ஞாபகத்தைச் சேத்து வைக்கற இடம் சுருங்கியிருக்கு. கடைசி எட்டுப் பத்து வருஷம் அவங்களுக்குப் போயிருக்கும். திரும்ப வரும்னு நான் சொல்ல முடியாது. புதுசா சொல்றதும் உடனே நிக்காது."

லோவெல் தொப்பியைக் கையில் சுற்றினார். "செப்டம்பர்ல எடுத்திருந்தா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்னு நினைக்கறேன். எவ்வளவுன்னு தெரியாது." பிறகு சொன்னார்: "எங்க அம்மா வீட்டுல யாராவது வேணாம்னா நாங்க அஞ்சு தடவை கேப்போம். உங்களை நான் ஒரு தடவைதான் கேட்டேன்."

"உங்க மேல தப்பில்லம்மா."

"உங்க மேலயும் இல்லன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு" என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை, லோவெலும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஆர்டிஸ் அலமாரியைத் திறந்து முதல் கேள்வி கேட்டாள்: "இந்த பிளாஸ்டிக் கண்றாவியை எல்லாம் யாரு வாங்கினது?" லோவெலுக்கு உள்ளே என்னவோ நிறைந்து வழிந்தது. பீங்கானை இறக்கிவைத்தார். அவள் காபி ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"டாரின் ஏன் இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணல?"

லோவெல் கோப்பையைப் பார்த்தார். "வேலையா இருப்பான்."

எட்டுப் பத்து வருடம் என்று டாக்டர் சொன்னபோது, அந்தக் கணக்குக்குள் என்ன இருக்கிறது என்பது லோவெலுக்கு அப்போதே தெரியும். தெரிந்ததைக் காரில் வரும்போது யோசிக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

ஊர் ஒத்துழைத்தது, அந்த ஊருக்கு இதில் நல்ல பயிற்சி. கடையில் ஆர்டிஸ் ஹார்லனைப் பிடித்து, "எங்க டாரினைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "கொஞ்ச நாளா பாக்கல" என்றார் ஹார்லன். அதில் பொய் ஒன்றும் இல்லை. சமையலறைப் பெண்கள் பேச்சைப் பனியின் பக்கம் திருப்பினார்கள். பாதிரியார் அவளுக்காக ஜெபித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். லவோன் நியூஜெர்சியிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பொய் சொல்லிக்கிட்டிருக்கே."

"பொய் சொல்லல. சொல்லாம இருக்கேன்."

"சொல்லாம இருந்து நீ ஏற்கெனவே ஒரு தடவை என்ன சம்பாதிச்சேன்னு நான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

மார்ச்சில் ஆர்டிஸ் கேட்பதை நிறுத்தினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று லோவெலுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் மதியம் அவர் உள்ளே வந்தபோது அவள் சூடான கல்லில் லெஃப்ஸா சுட்டுக்கொண்டிருந்தாள். பண்டிகை ஒன்றும் இல்லை. சுட்டதைத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் அடுக்கினாள்.

"யாருக்கு?"

"டாரினுக்கு. தபால்ல போடலாம்னு." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "உடம்பு சரியில்லாதப்போ நான் அவனை ஏதோ சொல்லியிருக்கேன், லோவெல். எனக்கு ஞாபகம் இல்ல. ரொம்ப மோசமா ஏதோ சொல்லியிருக்கணும். இல்லன்னா இவ்வளவு நாள் வராம இருக்கிற புள்ள இல்ல அவன். நீங்க எல்லாரும் அதை எங்கிட்டேர்ந்து மறைக்கறீங்க. பரவால்ல. எனக்காகத்தான் மறைக்கறீங்க. அவன் கோபம் தணியற வரைக்கும் நான் எதையாவது அனுப்பிக்கிட்டே இருக்கேன்."

லோவெல் அடுப்பை அணைத்தார். கல் சூடு ஆறும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்தார்.

"நீ அவனை ஒண்ணும் சொல்லல, ஆர்டிஸ். டாரின் செத்துப் போயிட்டான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எந்த ஞாயிறு, எந்த ஆட்டம், அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, பக்கத்தில் இருந்தவன் தூங்குகிறான் என்று நினைத்துத் தோளில் தட்டியது, மருத்துவமனையில் அவனுடைய காலில் இன்னும் ஸ்கேட்டுக் காலணி இருந்ததைப் பார்த்து அவள் குனிந்து அதன் கயிற்றை அவிழ்த்தது. அவளுக்கு அதில் எதுவும் நினைவில் இல்லை. அவர் சொல்லச் சொல்ல முதல் முறையாகக் கேட்டாள், முதல் முறையாக அழுதாள். மூன்று வருடம் முன்பு அழுததைப் போலவே.

வெகு நேரம் கழித்துக் கேட்டாள். "அப்போ நான் அழுதேனா?"

"அழுதே."

"நீ?"

"நானும்தான்."

"எங்க? நீ அழுது நான் பாத்ததே இல்ல. அது மறந்திருக்காது."

"கராஜ்ல. பனி தள்ற மெஷினை ஓட விட்டுட்டு. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள். "முட்டாள்" என்றாள். ஐம்பது வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன மிக அன்பான சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் காபி ஊற்றியபடி, டாரின் ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டாள்.

ஒரு காகிதத்தில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடலாமே என்றாள் லவோன். ஆர்டிஸ் தனியாக நின்று அதைப் படிக்க வேண்டாம் என்றார் லோவெல். ஹார்லன் தாயக்கட்டைக் குவளையை மூடிவைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குப் புதுசு. ஒவ்வொரு தடவையும் அழுறாங்க. விட்டுடேன், லோவெல். இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?" ஹார்லன் சொன்னதில் தவறு இருப்பதாக லோவெலுக்குத் தோன்றவில்லை. அவர் சொல்லாமல் விட்டால் அவள் குற்றவாளியாக உட்கார்ந்து தபாலுக்கு ரொட்டி சுடுவாள். சொன்னால் மகனை இழந்தவளாக அழுவாள். இரண்டில் எது குறைந்த கொடுமை என்று அளக்க எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் வசதி கிடையாது.

ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. வயலில் டிராக்டர் இறங்கியது. ஆர்டிஸ் சமையலறைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் எல்லாரையும் கைகழுவ வைத்தாள். சில வாரம் அவளுக்கு நினைவிருந்தது, சில வாரம் இல்லை. கோடை முடியும்போது டாரினைப் பற்றி இறந்தகாலத்தில் பேசினாள். அப்போதும் சில காலைகளில் தவறிவிடும்.

அவள் கேட்டபோதெல்லாம் லோவெல் ஸ்டென்ருட் அடுப்பை அணைத்து, எதிரில் உட்கார்ந்து, மகன் இறந்ததை முதலிலிருந்து கடைசிவரை அவளிடம் சொன்னார்.